காங்கேயத்து கிராபீனும் என் பச்சை லேசரும்

அடுத்தவர் சரக்கைச் சோதித்துச் சொல்லிப் பிழைக்கும் தோழர்களே, நல்லது என்றால் அது சரக்கின் பெருமை, கெட்டது என்றால் நம் மெஷின் கோளாறு!

பெரியநாயக்கன்பாளையம் லேபில் என் வேலை, கரும்பொடி மேல் பச்சை லேசரை அடிப்பது. சிதறி வரும் ஒளியைக் கம்ப்யூட்டர் கோடாக வரையும். கோடு முகடாக எழும்பும் இடம்தான் பீக். கோட்டில் முதல் பீக் எழும்பினால் பொடிக்குள் ஓட்டை உடைசல். கடைசி பீக் கூராக எழும்பினால் நல்ல கிராபீன், அதாவது அணு கனத்துக்கு ஏடு ஏடாக உரிந்த கரி.

ஒசரம்

செல்வராசு அண்ணனுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில். தேங்காய்த் தொட்டியை, அதான் சிரட்டையை, சுட்டு அரைத்து, கிராபீன் என்று கொண்டுவந்தார். சோதனைக்கு முன்பே எண்ணெய் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, வாசலில் 'கிராபீன்' என்று ஆளுயர போர்டும் மாட்டியாயிற்று. கேலி பேசிய மச்சான் முன்னால் தலை நிமிர வேண்டுமாம்.

லேசரை அடித்தேன். முதல் பீக் கூரையை முட்டியது. கடைசி பீக் வர வேண்டிய இடம் வெறும் சப்பட்டை. அண்ணனோ மானிட்டரைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"ஏனுங் அம்மணி, நம்முது எத்தன ஒசரம் பாத்தீங்களா! ஒரு போட்டோ எடுங்க, மச்சானுக்கு அனுப்பிப்போடலாம்."

மஞ்சள்

விளக்கிச் சொல்லி அனுப்பினேன். மறுபடி சுட்டு எடுத்து வந்தார். இந்த முறை கோடு மலையேறுவது போல ஏறிக்கொண்டே போனது, பீக்கே இல்லை. லென்ஸைத் துடைத்தேன், பொடியை மாற்றினேன், அதே கதை. கடைசியில் டப்பாவை மோந்து பார்த்தால் கமகமவென்று மஞ்சள்! கோயிலில் பூசை போட்டு, மஞ்சள் குங்குமத்தைப் பொடிக்குள்ளேயே தூவியிருக்கிறார். அது லேசர் பட்டதும் தானே மினுங்கி, மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். சொன்னேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி பொருளு பட்டா பீக்கு வராதுங்களா? உங்க மெஷினு எந்த ஊருச் சாமியக் கும்புடுதுங்க?"

மெஷினுக்குப் பரீட்சை

அடுத்த தடவை ஒரு பொட்டலத்தை நீட்டினார். அடித்தேன். முதல் பீக் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது, கடைசி பீக் கூராக நின்றது. "ஜெயிச்சுட்டீங்கண்ணா!" என்று குதித்தேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அது வெளியூரில் வாங்கிய அசல் சரக்காம். என் மெஷினுக்கு நல்லதை நல்லது என்று சொல்லத் தெரியுமா என்று பார்த்திருக்கிறார்.

"கரெக்டா சொல்லிப்போடுச்சுங்க. அப்ப நம்முது கரிதான்" என்றார்.

பாவமாக இருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்து, "தண்ணி வடிகட்டறதுக்குக் கரி வாங்க ஆளு இருக்குதுங்ணா" என்று இழுத்தேன். டீயை நிதானமாகக் குடித்து முடித்து, போனை எடுத்து பெயிண்டரைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, போர்டுல கிராபீன அழிச்சுப்போட்டு கரின்னு எழுதீரு. எழுத்தும் கம்மி, பெயிண்டும் மிச்சம். மச்சான் வந்து சிரிச்சான்னா, மிச்ச பெயிண்ட அவன் மூஞ்சில பூசிப்போடு."

உண்மையைக் கண்டுபிடிக்க லேசர் வந்துவிட்டது மக்களே, அதை எதிரே உட்கார்ந்திருக்கிறவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத்தான் இன்னும் ஒரு மெஷினையும் காணோம்.