மோகன்ராஜ் தட்டிய கதவு

மோகன்ராஜ் இறந்த செய்தி சிறிகாந்தனிடமிருந்து வந்தது. எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில், "எம் அனைவரையும் அரவணைத்த உள்ளம்" என்று எழுதியிருந்தான். அந்த உள்ளத்தை வாசலில் மறித்தவன் அவன். மோகன்ராஜை அறிந்த உங்களுக்கு அதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

போர்க்காலம். சிறிகாந்தனும் நானும் இன்னும் இருவரும் கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸில் இருந்தோம், நால்வரும் யாழ்ப்பாணத்தார். ஊரில் ஷெல் விழுந்து என் தம்பி இறந்துபோனான். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வகுப்பை நிறுத்தினேன், சாப்பாட்டையும். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த நாட்களில் கொழும்பில் ஒரு யாழ்ப்பாணப் பொடியன் வாய் மூடினால், அவனுக்கு இயக்கத்தோடு ஏதோ தொடர்பு என்றே கூட இருப்பவர்கள் எண்ணினார்கள். சிறிகாந்தன் வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இவன்ர போக்குச் சரியில்லை அன்ரி. பொலிஸ் வந்தால் எங்களையும் சேர்த்து அள்ளும். எழுப்பி விடுங்கோ." அறையைக் காலி செய்ய அன்ரி எனக்கு ஞாயிறு வரை தவணை கொடுத்தார்.

மோகன்ராஜ் வகுப்பில் மட்டும் பழக்கம். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் மாமாவுடன் ஒற்றை அறையில் இருந்தான். நான் வராததைக் கண்டு பஸ் ஏறி வந்தான்.

"உனக்கேன் இந்தக் கரைச்சல், தோட்டக்காட்டான்?" என்று, தோட்டத்தாரை இழிக்கும் சொல்லால் சிறிகாந்தன் மறித்தான்.

"தோட்டத்துல ஒருத்தன் படுத்துட்டா கதவத் தட்டிப் பாப்போம், தொர. நீங்க உள்ளயே இருந்துகிட்டு தட்டலையே."

வந்து என் பாயோரத்தில் இருந்தான். புத்திமதி எதுவும் இல்லை. "மச்சான், செத்துப் போகணும்னு நெனைக்கிறியா?" என்று நேராகக் கேட்டான்.

"ஓம்."

"சரி. அப்ப நான் போகல. பாணும் பருப்பும் இருக்கு, தின்னு. பெறகு டொக்டர்கிட்ட போவோம்."

டொக்டரிடம் போகும் வழியில், காலி வீதியில் ஆமி பஸ்ஸை மறித்து எங்களை இறக்கியது. என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைக் கண்ட ஆமிக்காரன் என்னைத் தனியே நிற்கச் சொன்னான். மோகன்ராஜ் விலகிப் போயிருக்கலாம். பக்கத்தில் வந்து நின்று, "மல்லிட்ட அசனீப, மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னான். தம்பிக்குச் சுகமில்லை என்று. அதைக் கேட்டதும் வீதியோரத்திலேயே அழுதேன். ஆமிக்காரன் அட்டையைத் திருப்பித் தந்தான். தம்பி இறந்ததை அங்கேதான், அவனுக்குத்தான், முதலில் சொன்னேன்.

டொக்டரிடம் காட்டிவிட்டு, ஞாயிறுக்கு முன் என்னைக் கொட்டாஞ்சேனைக்குத் தன் அறைக்கே கூட்டிப்போனான். கொழும்பில் தங்கும் தமிழர் கொடுக்கவேண்டியிருந்த பொலிஸ் பதிவில், என்னைத் தன் சொந்தக்காரன் என்று கொடுத்தான். பொய் பிடிபட்டிருந்தால் அவனும் மாமாவும் உள்ளே போயிருப்பார்கள்.

பின்னாளில் மோகன்ராஜ் சிறிகாந்தனின் கலியாணத்துக்கும் போய் வந்தான். அதற்காக அவனோடு சண்டை பிடித்தேன். "பயந்த பசங்கடா. விட்டுரு" என்றான். நான் விடவில்லை, அவனுடைய அந்தப் பெருந்தன்மை எனக்கு ஒட்டவில்லை. பயம் எல்லோருக்கும்தான் இருந்தது.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது வேறொன்று. இப்போது நான் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால், அவன் எப்படிப்பட்டவன் என்று மற்றவர்களிடம் விசாரிப்பதில்லை. எங்கே இருக்கிறான் என்று மட்டும் கேட்டுக்கொண்டு புறப்படுகிறேன்.