ஒன்று குறைத்துச் சொன்ன லேகியம்

சேலையூர் ஹஃபீசாவிடம் பக்குவம் கேட்டால் ஒன்றை மறைத்துத்தான் சொல்வாளாம். கேம்ப் ரோடு தையற்கடையில் யாரோ யாரிடமோ சொன்னதை நாத்தனார் ஷாயிஸ்தா காதில் வாங்கி வந்திருந்தாள்.

"நெஜமா அண்ணி? ஊரே சொல்லுது."

ஹஃபீசாவுக்குக் கோபம் வரவில்லை. அம்மா வீட்டுப் பழக்கம் அது. வெளியாள் கேட்டால் இல்லையென்றும் சொல்லக்கூடாது, முழுசாகவும் சொல்லக்கூடாது. பிரியாணியில் ஒரு பட்டை குறைந்தால் யார் குடியும் முழுகிவிடாது. ஆனாலும் ஷாயிஸ்தா போன பிறகு யார் யாரிடம் எதை விட்டுச் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தாள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஹஃபீசா கிண்டும் லேகியம் அந்தத் தெருவில் பிரசித்தம். கேட்டவர்களிடம் அதில் போடும் சேராங்கொட்டையை மட்டும் சொல்லமாட்டாள். பக்கத்து வீட்டுச் சந்திரிகாவிடம் அது முடியவில்லை. பதினாலு வருஷப் பழக்கம். போன மாசம் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பியவள் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்ததும் ஹஃபீசா கொட்டையைச் சொல்லிவிட்டாள். சொன்ன உடனே மனசு அடித்துக்கொண்டது. அம்மா வீட்டுக்கென்று ஏதாவது மிச்சம் வேண்டாமா? கொட்டையின் மூக்கை வெட்டி, பாலில் வேகவைத்து, அந்தப் பாலைக் கீழே கொட்டுவதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். ருசிக்காகச் செய்வது என்றுதான் நினைத்திருந்தாள். ஏன் எதற்கென்று அம்மா சொன்னதில்லை.

சாயங்காலம் சுக்கு வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனாள். நாட்டு மருந்துக் கடை துளசிங்கம் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க பக்கத்து வூட்டம்மா போன மாசம் சேராங்கொட்டை வாங்கிகினு போனாங்களே, சுத்தி பண்ணத் தெரியுமாக்கா அவங்களுக்கு?"

"சுத்தியா?"

"இன்னாக்கா, நீயே இப்டிக் கேக்கற! பால்ல வேகவெச்சுக் கொட்டுவீங்களே, அதான். இல்லாட்டி வெஷம். வாயி, தொண்டை எல்லாம் வெந்துடும். பச்ச ஒடம்புக்காரி தாங்குவாளா?"

பொட்டலத்தை எடுக்காமலே ஆட்டோ ஏறினாள்.

சந்திரிகாவின் புருஷன் முனிரத்தினம் தட்டில் உப்புமாவோடு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, நூறு வயசு உனக்கு. இப்பதான் சந்திரிகா போன் பண்ணா. நேத்தே லேகியம் கிண்டிட்டாளாம். வாசனை தாங்காம மாப்ள ஜன்னலைத் தொறந்துட்டு டிசம்பர் குளுர்ல நடுங்கறாராம்." சிரித்தார். "பொண்ணு எழுந்ததும் மொத உருண்டை குடுக்கணும்னா."

"எப்ப எழுந்திருக்கும்?"

"அங்க விடிஞ்சிடுச்சே, இந்நேரம் எழுந்திருக்கும். ஏம்மா, மூஞ்சி ஏன் இப்டிக் கீது?"

"நம்பர் போடுங்கண்ணா. குடுக்க வேணாம்னு சொல்லணும். சீக்கிரம்."

எச்சில் கையை மடக்கிக்கொண்டு இடது கையால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ஒரு எண் தப்பி, மறுபடி முதலிலிருந்து. ஹஃபீசா ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். மணி போனது.

"கொழந்தையக் குளிப்பாட்டிகினு இருப்பா" என்றார் முனிரத்தினம். அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "இன்னா ஆச்சுன்னு சொல்லும்மா."

ஹஃபீசா கையைக் காட்டி அவரைப் பேசாதிருக்கச் சொன்னாள். அங்கே யாரும் எடுக்கவில்லை. மணி போய்க்கொண்டே இருந்தது.