மருந்து என்று ஒரே சொல்

ஆய்வகத்தில் நிர்வாகம் பார்க்கிறேன் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் உடனே, "அப்ப நீ என்ன கண்டுபிடிச்ச?" என்பார்கள். கரண்டு நிற்காமல், தண்ணீர் வற்றாமல், சம்பளம் தாமதமாகாமல், வாசல் கேட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் நான் கண்டுபிடித்தது. டைப்ரைட்டிங் தேர்ச்சியோடு உள்ளே போனவள், கோப்புகளைப் படித்துப் படித்தே ஆங்கிலமும் சட்டமும் கற்று, கடைசியில் நிர்வாக அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் காவலாளி அந்த நாற்காலிக்கு ஒரு சொல் வைத்திருந்தார்: "கல்யாணத்துல பந்தி விசாரிக்கிற வேலை மேடம் ஒங்களுது. சோறு நல்லாருந்தா சமையக்காரருக்குப் பேரு. உப்புக் கூடுனா ஒங்களுக்கு ஏச்சு."

உப்புக் கூடிய கதை ஒன்றைச் சொல்கிறேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைக்கும் வாழைக்கும் வரும் நோய்களை ஆராய்கிற இடம் எங்களுடையது. புது மருந்து வந்தால் எங்கள் திராட்சைப் பந்தலில் அடித்துப் பார்த்து, அது கொத்தில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். தெளிக்கிற வேலைக்கு ஒப்பந்தத்தில் நாலைந்து பேர். அவர்களில் ஒருவர் குச்சனூர்ப் பக்கத்துக்காரர். ஆள் அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரு வாக்கியம், அதுவும் நறுக்கென்று இருக்கும். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆடி மாதம். லோயர் கேம்ப் பக்கம் மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்கு அந்த மாதம் வெறி பிடித்துவிடும். அன்று தெளிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கொத்து மருந்தடிக்க வேண்டிய பருவத்தைத் தாண்டிவிட்டால் ஒரு வருச ஆய்வு வீணாகிவிடும் என்று, சோதனைக்குப் பொறுப்பான இளம் விஞ்ஞானி, "ரெண்டு வரிசை மட்டும் முடிச்சிருங்கண்ணே" என்று கேட்டாள். குச்சனூர்க்காரர் முடித்தார். இரண்டாவது வரிசையின் முனையில் விழுந்தார். வாயில் நுரை, பிழிந்து உடுத்தியது போல நனைந்த சட்டை. நான் ஜீப்பை எடுக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிவைத்தேன். கொண்டுபோய்ச் சேர்த்த ஓட்டுநர், அங்கிருந்தே அவர் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"மதினி, அண்ணனுக்கு மருந்து உள்ள போயிருச்சு. வெரசா தேனிக்கு வந்துருங்க."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, கொத்துக்கு அடிப்பதும் மருந்து, வாழ்க்கை வெறுத்தவர்கள் குடிப்பதும் மருந்து. 'மருந்து உள்ளே போய்விட்டது' என்றால் எந்த வழியாகப் போனது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண் பேருந்து ஏறுவதற்குள் ஊர் சொல்லி முடித்துவிட்டது: குடித்துவிட்டார்.

பிழைத்துக்கொண்டார். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறியது என்று மருத்துவரும் சொன்னார். ஊர் நம்பவில்லை. நம்பாததற்கு ஊருக்குக் காரணம் இருந்தது. இங்கே யார் மருந்து குடித்தாலும், போலீசுக்குப் பயந்து வீட்டார் சொல்கிற முதல் வார்த்தை, "அடிக்கும்போது மேல பட்டுருச்சு" என்பதுதான். எத்தனையோ வீடுகள் மானத்தை மூடிக்கொண்ட துணி அது. ஒருவருக்கு அது நிஜமாகவே நடந்தபோது, சொல்ல வேறு வார்த்தை மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்சும் அறிவுரையுமாக ஊர் திரண்டது. "புள்ளைகளை ஒரு நிமிசம் நெனச்சுப் பாக்கலையேப்பா" என்று ஒருவர். கூட்டாளி ஒருவன், "ஏலே, அடுத்த வாட்டி எனக்கும் ஒரு மூடி ஊத்துடா, தனியாப் போகாத" என்று சிரித்தானாம். மச்சான்காரர் வந்து வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவரேதான். நடக்கத் தெம்பு வந்ததும் நேரே என் அறைக்கு வந்து நின்றார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"செத்தவனைப் பத்தி ஒரே கேள்வி மேடம், எப்ப எடுக்கிறாகன்னு. பொழச்சவனுக்கு ஊரெல்லாம் கேள்வி."

"உட்காருங்க. என்ன வேணும் சொல்லுங்க."

"வேலை வேண்டாம். காசைப் பத்திப் பேசவும் வரல. எம் பொண்டாட்டிகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் குடிக்கலைன்னு."

விழுந்த அன்று காலையில் வீட்டில் சண்டை. அவள் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. இவர் லீவு போடமாட்டேன் என்றிருக்கிறார். "நீ இருந்தும் ஒண்ணுதான், செத்தும் ஒண்ணுதான்" என்று அவள் சொல்லிவிட்டாள். கோபத்தில் எந்த வீட்டிலும் விழுகிற சொல்தான். மதியம் போன் வந்தது.

"தன் நாக்குதான் என்னைக் கொல்லப் பாத்துச்சுன்னு நெனைக்கிறா. சோறு எறங்கல. முந்தாநாள் கரண்டியைக் காய வச்சு நாக்குகிட்ட கொண்டு போயிட்டா. மக தட்டி விட்டுருச்சு. இன்னொரு நாளு மக பள்ளிக்கொடத்துல இருக்கும் மேடம்."

எங்கள் இயக்குநர் அதற்கு முன்பே எல்லோரையும் கூட்டிச் சொல்லியிருந்தார்: விசாரணை முடிகிறவரை, குடித்தாரா பட்டதா என்று இங்கிருந்து யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் கெட்டவர் இல்லை. "பட்டதுன்னு நாமளே சொன்னா தெளிப்பையே நிறுத்திருவாங்க. மத்தவங்க பிழைப்பும் போயிரும். அதையும் யோசிங்க" என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். நான் யோசித்தேன். யோசித்தபடியே ஒரு நாள் சாயங்காலம் பிழைத்தவரின் ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

அவர் மனைவி பாய் விரித்தாள், காபி கொடுத்தாள். நான் என் வாயில் இருந்த அத்தனையையும் எடுத்துப் போட்டேன். காற்றைச் சொன்னேன், வரிசையைச் சொன்னேன், தோல் வழியாக ஏறுவதைச் சொன்னேன்.

"மூக்குல கொழாய் விட்டுருந்தாகளே. அது குடிச்சவுகளுக்குத்தான விடுவாக?"

"மயக்கத்துல இருக்கிறவுகளுக்கும் விடுவாக தாயி. என் வார்த்தையை நம்பு."

அவள் என்னைப் பாசமாகத்தான் பார்த்தாள். "அவரு சொல்லுவாரு, எங்க மேடம் எழவு வீட்டுக்குப் போனாலும் ஒரு சொலவடை வச்சிருப்பாகன்னு. எல்லாருக்கும் ஆறுதல் சொல்றவுக நீங்க. இன்னிக்கு எனக்கு ஒண்ணு சொல்றீக. நல்லா இருப்பீக."

வாயால் வளர்ந்தவள் நான். அந்த வாய்க்கு அங்கே மதிப்பில்லை என்று தெரிந்ததும் எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் கேட்டாள்: "காத்துல அடிக்கச் சொன்னதுன்னு ஒருத்தரு இருப்பாகள்ல? அவுக வரட்டும். அடுத்தவுகளுக்கு நல்லதைச் சொல்ல ஆயிரம் பேரு வருவாக. தனக்குக் கெட்டதைச் சொல்ல எவுக வருவாக? அப்படி ஒருத்தரு வந்தா நம்புறேன்."

விஞ்ஞானிப் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "என் வேலை போயிரும்க்கா" என்றாள்.

"போகலாம். போகாதுன்னு நான் சொல்லமாட்டேன். கரண்டி விசயத்தை மட்டும் மறந்துறாத."

அந்த வாரம் முழுக்க என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பினாள். சனிக்கிழமை காலையில் ஆய்வக விடுதி வாசலில் பையோடு நின்றாள்.

குச்சனூர்ப் பேருந்தில் அன்று கோயிலுக்குப் போகிற கூட்டம். ஏழரைச் சனிக்கும் அட்டமச் சனிக்கும் பரிகாரம் தேடிப் போகிறவர்களுக்கு நடுவில் நாங்கள் நின்றுகொண்டே போனோம். வீட்டு வாசலில் அந்தப் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானி உட்காரவும் இல்லை.

"நான்தான் அடிக்கச் சொன்னேன். காத்து அடிச்சுது. அண்ணன் நிறுத்திக்கிறேன்னு சொன்னாரு. நான்தான் ரெண்டு வரிசை முடிங்கன்னு கேட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். குரல் முதல் தடவையை விடச் சின்னதாக வந்தது.

அந்தப் பெண் சாம்பல் கையைத் தரையில் ஊன்றினாள். மனப்பாரம் இறங்கி அழப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்தாள்.

"ரெண்டு வரிசைக்கா? ஏண்டி, ரெண்டு வரிசைத் திராட்சைக்கா என் தாலியக் கேட்ட?"

நான் அதுவரை கேட்காத குரல். தெருவில் கதவுகள் திறந்தன. அவர் உள்ளேயிருந்து வந்து, "விடு, விடு" என்றார். பிறகு அதையும் நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து, "அப்ப அண்ணன் மெய்யாவே குடிக்கலையா மதினி?" என்றாள்.

"குடிக்கல! இவுக ஊட்டிவிட்டாக!"

அந்தத் தெரு மருத்துவரை நம்பவில்லை, என்னை நம்பவில்லை, விழுந்தவரையே நம்பவில்லை. அந்த ஏச்சை நம்பியது. ஆறுதலில் பொய் இருக்கலாம். அவள் ஏசியதில் இருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பெரியவர் அவரிடம் போய்த் தோளைத் தொட்டார். கயிறு எடுத்துப்போன மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் என் பக்கமும் திரும்பினாள்.

"அன்னிக்கு வந்து இனிக்க இனிக்கப் பேசுனீகளே. ஒங்க பந்தல்லதான செஞ்சாக? பச்சத் தண்ணி கேட்டுறாதீக, ரெண்டு பேரும்."

நாங்கள் கேட்கவில்லை. விஞ்ஞானி வழியெல்லாம் அழுதாள். எந்தச் சமயத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிற நான், அவள் பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இயக்குநர் கேட்டார், யார் கூட்டிப்போனது என்று. நான்தான் என்றேன். விளக்கம் கேட்டு எனக்கு உத்தரவு வந்தது. விஞ்ஞானியைச் சோதனையிலிருந்து விலக்கினார்கள். கொஞ்ச நாளில் அவளாகவே போய்விட்டாள். தெளிப்பு நின்றது. அதோடு தெளிக்கிறவர்களின் ஒப்பந்தமும் நின்றது. அந்த உத்தரவை என் கையால்தான் கொடுத்தேன். வாங்கியவர்களில் ஒருவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒருத்தரு பேரைக் காப்பாத்திட்டீக மேடம், சந்தோசம். எங்க அடுப்புக்கு ஏதாச்சும் சொலவடை இருந்தாச் சொல்லுங்க" என்றார். கையெழுத்துக்குப் பதிவேட்டை நீட்டினேன். அவர் போட்டுவிட்டுப் போனார். பிழைத்தவருக்கும் கை நடுக்கம் நிற்கவில்லை; இனி நிற்காது என்றார்கள்.

அவர் மனைவி ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தாள், ஆய்வகத்தின் மேல் புகார் மனுவோடு. முகம் தேறியிருந்தது. என்னை அக்கா என்றோ மேடம் என்றோ அவள் கூப்பிடவில்லை.

"ரசீது போட்டுக் குடுங்க."

முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"உள்ள என்ன எழுதிருக்குன்னு வாசிங்க. நாளைக்கு யாரும் தெரியாதுன்னு சொல்லக் கூடாது. சத்தமா வாசிங்க."

அலுவலகத்தில் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். இயக்குநர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.