கொடியின் நாலாம் முனை

கொடியேற்ற ஊர்வலத்தில் நடப்பது என் வயதுக்கும் வயிற்றுக்கும் ஒத்துவராது என்று மனைவியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் கொடித்துணியை விரித்து, நாலு முனைகளையும் நாலு குடியினர் பிடித்து, பெரிய தெருவால் கடற்கரைவரை கொண்டுபோவார்கள். குடி என்பது தாய்வழி வம்சம். நான் என் உம்மாவின் குடி. மனைவியும் பிள்ளைகளும் மாமியின் குடி. இருபத்தாறு வருடமாக ஒரே சட்டி மீனாணத்தைத் தின்றாலும், அந்த வீட்டில் நான் இன்னும் வெளியாள்தான்.

நாலாம் முனை மனைவியின் குடிக்குரியது. பிடிப்பவன் அவளுடைய ஒரே தம்பி. இந்த வருடம் அவனுக்குக் கட்டாரில் லீவு கிடைக்கவில்லை. அந்தக் கிளையில் வேறு ஆணில்லை. எங்களுக்கும் இரண்டு மகள்மார். ஆள் வராத முனை அந்த வருடத்தோடு கைமாறிவிடும். அதற்காகவே காத்திருந்தவர்கள் என் உம்மாவின் குடியினர். மூன்றாம் முனை ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, அது போதவில்லை.

மருமகன் பதிலாளாக நிற்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. கடற்கரையில் கொடியை வாங்கும் பள்ளிவாசல் மரைக்கார் ஒவ்வொரு முனைக்கும் "என்ன குடி?" என்று ஒலிவாங்கியில் கேட்பார். வாயிலிருந்து எந்தக் குடியின் பேர் வருகிறதோ, முனை அந்தக் குடிக்கு.

"புத்தகம் புத்தகமா வாசிக்கிறீங்க, ஒரு பேரச் சொல்ல ஏலாதா?" என்றாள் மனைவி. ஏலும் என்றேன்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து றபான் மேளம் முழங்க ஊர்வலம் புறப்பட்டது. மூன்றாம் முனையில் என் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா முறை. சிறுவயதிலிருந்தே என்னைப் பிடிக்காது. இப்போது துணியின் ஒரு கரை மட்டுமே எங்களுக்கிடையில் இருந்தது.

"என்ன மனே, பொண்டாட்டிட குடிக்குக் கூலிக்கு நடக்கிறயா?"

"நீங்க உங்கட முனையப் பாருங்க காக்கா."

"ரெண்டையும்தான் பாத்துக்கிட்டு வாறன்."

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். என் பக்கத்து ஆள் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் மாமியின் தூரத்து உறவுக்காரர், நடக்கவே தடுமாறும் கிழவர். சந்திக்குச் சந்தி அவர் எனக்குப் புத்தி சொன்னார்.

"துணியத் தாழ உடாதீங்க மருமகன்."

"உடல்ல."

"எங்கட தம்பி எண்டா இப்பிடியா புடிப்பாரு? அவரு புடிச்சா துணி பலகை மாதிரி நிக்கும்."

வெயில் சாய்ந்தும் தார் கொதித்தது. காக்கா வேண்டுமென்றே துணியை இழுத்தார். என் பக்கம் தொய்ந்தது. கிழவர் "பாத்தீங்களா" என்றார். மாடிகளிலிருந்து பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். என் கண்ணாடியில் விழுந்த துளிகளைத் துடைக்க எனக்குக் கையில்லை. மனைவியின் குடிப் பேரை முணுமுணுத்தபடி நடந்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளை கூட இவ்வளவு ஓதியிருக்காது.

கடற்கரையில் மரைக்கார் முதலிரண்டு முனைகளை வாங்கினார். காக்கா மூன்றாவதைக் கொடுத்து, பேரை நீட்டி முழக்கிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒலிவாங்கி என் வாய்க்கு வந்தது.

"என்ன குடி?"

சொன்னேன். உம்மாவின் குடி.

காக்கா மெல்ல அல்ஹம்துலில்லாஹ் என்றார். கிழவர் தன் கைத்தடியை என் காலில் ஊன்றினார்; தவறுதலாக என்று நினைக்கவில்லை.

"ஹாஜியார், மாறிச் சொல்லிட்டன்" என்றேன் மரைக்காரிடம்.

"ஊரே கேட்டிட்டு தம்பி. இனி என்ன மாத்துற? தள்ளி நில்லுங்க."

வரும் வழியெல்லாம் எனக்கு நானே சட்டத்தரணியாக வாதாடினேன். சுன்னத்து, நிக்காஹ், பள்ளிவாசல் பதிவு என்று எங்கே எவர் கேட்டாலும் நான் சொன்ன பேர் அதுதான். பழகிய நாக்கு. நல்ல வாதம். ஆனால் அந்தப் பேர் வாயைவிட்டுப் போன கணத்தில் நெஞ்சுக்குள் இளநீர் குடித்ததுபோல ஒரு குளிர்ச்சி. இருபத்தாறு வருடத்து "எங்கட தம்பி எண்டா"க்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் சொல்லமாட்டேன்.

எனக்கு முன்பே ஒலிபெருக்கி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. மனைவி வாசல் படலையில் நின்றாள்.

"நாக்குத் தவறினதா?"

"ஓம்."

"எங்கட உம்மாட ஊட்டுல தின்னக்குள்ள ஒரு நாளும் தவறல்லியே."

அவள் கையில் தொலைபேசி ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில் கட்டாரிலிருந்து அவள் தம்பி, என் மச்சான், வேலைத்தலத்துத் தொப்பியோடு.

"நான் சொல்லல்ல. நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்," என்றான். "கால் நோகுதா? எனக்காக நடந்தீங்க, மறக்கமாட்டன். நம்மட முனை போய்ச் சேந்திச்சா?"

"லைன் சரியில்ல, ஒண்டும் வெளங்கல்ல" என்றேன்.

அவன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாக இருந்தது. மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.