நீலத்தில் இருக்கும் தண்ணீர்

எங்கள் செம்பு முலாம் பட்டறையில் மருந்து நிறுக்கிறவரைத் தராசண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருஷமாக அவர் நிறுத்துக் கொடுப்பதைத்தான் நான் தொட்டியில் கொட்டுகிறேன். ஆள் சிடுமூஞ்சி. நானும் அப்படித்தான், அதனால் ஒத்துப்போனது.

புதுக் கணக்கு எது வந்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். அண்ணி ஒருதரம் கூட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் மறுநாள் தராசைத் தொடுவார். போன வருஷம் அண்ணி போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரே கணக்கை இரண்டு தாளில் போட்டு, தானே ஒத்துப் பார்த்துக்கொள்வார். வீடு என்பது ஓர் அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். பட்டறையும் இல்லையென்றால் அந்த அறையில்தான் பகலையும் தள்ள வேண்டும்.

அன்றைக்கு, தொட்டிக்குப் போடும் நீல மயில்துத்தத்துக்கு, அதாவது காப்பர் சல்பேட்டுக்கு, பதிலாக வெள்ளைத் தூள் வந்து இறங்கியது. சரக்கு அதேதான், உள்ளே இருக்கும் தண்ணீரை எடுத்துவிட்டது. நீலத்தில் ஐம்பது கிலோ போடும் தொட்டிக்கு வெள்ளையில் எவ்வளவு? இரண்டுக்கும் மூலக்கூறு எடை போட்டால்தான் தெரியும். கணக்கு தப்பினால் ஆயிரம் கதவுக் கைப்பிடிகள் குப்பைக்குப் போகும். "கண்ணு தெரியலன்னா வீட்டுல உக்காருங்க" என்று முதலாளி ஏற்கெனவே ஒருமுறை தராசண்ணனிடம் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் தராசண்ணன் இரண்டு தாளையும் விரித்தார். "நாப்பத்தஞ்சு கிலோ. தூக்கு."

"ஒருதரம் வாசிங்கண்ணே. கேக்கறேன்."

"அஞ்சாவதோட நின்ன பய, நீ கேட்டு?"

"காது நல்லாத்தான் கேக்குது. வாசிங்க."

முறைத்துக்கொண்டே வாசித்தார். செம்பு அறுபத்து மூன்றரை. கந்தகம் முப்பத்திரண்டு. ஆக்சிஜன் நாலு, ஒவ்வொன்றும் பதினாறு, அறுபத்து நாலு. வெள்ளைக்கு நூற்று ஐம்பத்தொன்பதரை. அதோடு தண்ணீர் பதினெட்டு சேர்த்தால் நீலம்.

நான் நீல மருந்து வந்த காலிச் சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டேன். மேலே CuSO₄·5H₂O என்று அச்சடித்திருந்தது. வருஷக்கணக்காகத் தோளில் சுமந்த எழுத்து. "இந்த H₂O-தான தண்ணி? அதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிக்குதேண்ணே. நீங்க ஒரு தண்ணிதான கூட்டுனீங்க?"

குனிந்து பார்த்தார். இன்னொரு தாளை எடுத்தார். அதிலும் ஒரே ஒரு பதினெட்டு.

ஐந்து பதினெட்டு தொண்ணூறு. நீலத்துக்கு இருநூற்று நாற்பத்தொன்பதரை. மறுபடி வகுத்தார். முப்பத்திரண்டு கிலோ. அதைத்தான் கொட்டினேன். கைப்பிடிகள் பளபளவென்று வந்தன. முதலாளிக்கு ஒன்றும் தெரியாது.

சாப்பாட்டு மணி அடித்தும் தராசண்ணன் எழுந்திருக்கவில்லை.

"தாள்தான் ரெண்டு. ஆள் ஒருத்தன்தானே" என்றார்.

"இனிமே நான் கேக்கறேன், விடுங்க."

"நீ லீவு போட்டா?"

பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், மாமியார். மாதம் இரண்டு லீவாவது எனக்கு விழும். போடமாட்டேன் என்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அன்னைக்கு நிறுக்காதீங்க" என்றேன்.

அப்படியே செய்கிறார். எனக்கு லீவு என்றால் முந்தின நாளே எல்லாவற்றையும் நிறுத்து வைத்துவிடுகிறார். லீவு நாளில் வந்து, தட்டுகளைத் துடைத்துவிட்டு, பட்டறை மூடுகிற வரைக்கும் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம். காவலாளி சொன்னான்.