ஐப்பசியில் விசிறிக் கடை

ஒப்புதல் பெற்ற பட்டியலில் இல்லாத எந்தப் பொருளையும் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்தல் கூடாது. மீறினால் கடை ஒதுக்கீடு அன்றே ரத்தாகும். இதுதான் விதி. எண்ணும் உட்பிரிவும்கூட எனக்கு நினைவிருக்கின்றன. காலையில் மாத்திரை போட்டேனா என்பது மறந்துபோகிறது. பணி ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் இந்த மாதிரிச் சங்கதிகள் மட்டும் போக மாட்டேன் என்கின்றன.

போன வாரம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றது. அங்கே நிற்காத பேருந்தை நான் பார்த்ததில்லை. நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் நீலப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, "கலர்ஃபுல்லா இருக்குல்ல சார்?" என்றார். இருந்தது. ஆனால் மழை நாளில் நடவு வயலைப் பார்த்தால் எனக்கு நனைந்த பனையோலை வாசனை வர வேண்டும். வரவில்லை. அதற்குப் பதில் அஞ்சம்மாள் நினைவுக்கு வந்தார்.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். கீழ்வேளூரெல்லாம் தஞ்சாவூர் மாவட்டமாகவே இருந்த காலம். ஆட்சி மாறி, கோப்புகள் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று அரை நாள் விவாதிப்போம். மீதி அரை நாள் அதைக் கண்டுபிடித்தவரைப் பாராட்டுவோம். அந்த வருடம் ஐப்பசியில் திடலில் கைத்தொழில் கண்காட்சி வைத்தார்கள். கீற்றுக் கொட்டகையில் கடைகள், வாசலில் கறுப்பும் சிவப்புமாகக் காகித வளைவு. கடைகளை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு என்னுடையது. அதாவது, எது தப்பாக நடந்தாலும் மெமோ வந்து சேர வேண்டிய முகவரி நான்.

கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்கள் சங்கம் வந்திருந்தது. எல்லாரும் நடவு ஆட்கள். பட்டியலில் அவர்களுக்கு அனுமதித்திருந்த பொருள் ஒன்றே ஒன்று, ஓலை விசிறி. தலைமையிடத்தில் பட்டியல் தயாரான மாதம் சித்திரை. தயாரித்தவருக்கு அந்த நேரம் எது தேவைப்பட்டதோ அதை எழுதியிருக்கிறார். குறை சொல்ல முடியாது.

கண்காட்சி தொடங்கிய அன்று காலையில் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. மதியத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. வளைவின் அடியில் நின்றிருந்த என் வெள்ளைச் சட்டையில் அதன் சாயம் முழுக்க இறங்கியது. அரசியல் சார்பற்ற அரசு ஊழியன் என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"என்னம்மா, அடிக்கிற காத்து பத்தலையா?" என்று விசிறிக் கடை வாசலில் ஒருவர் நின்று கேட்டார்.

"இது ஊருக்கு அடிக்கிற காத்துங்க. வீட்டுக்காரம்மாகிட்ட திட்டு வாங்கிட்டு உக்காந்திருக்கப்ப உங்களுக்குன்னு தனியா வேணாமா?"

சொன்னவர்தான் அஞ்சம்மாள், சங்கத் தலைவி. நாற்பது வயதிருக்கும். கேட்டவர் சிரித்துக்கொண்டே போனார், வாங்கவில்லை.

உண்மையில் அஞ்சம்மாளுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. ஊரில் இரண்டாம் போகத் தாளடி நடவு நின்றுபோயிருந்தது. கூலியை உயர்த்தாமல் வயலில் இறங்க மாட்டோம் என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். உயர்த்த மாட்டேன் என்று மிராசுதார் சொல்லிவிட்டார். தாசில்தார் முன்னிலையில் வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, அது மிராசுதார் கவலை. வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது, அது இவர்கள் கவலை. வெள்ளிக்கிழமை வரை அடுப்பு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் யாராவது ஒருத்தி பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பழைய கூலிக்கு இறங்கிவிடுவாள். அப்புறம் தாசில்தார் முன்னால் பேச எதுவும் மிஞ்சாது. விசிறி விற்று அரிசி வாங்கி அனுப்பலாம் என்றுதான் மழையில் கடை விரித்திருந்தார்கள்.

மறுநாள் மிராசுதாரின் காரியக்காரர் வந்தார். நிலபுலன்களை அவருக்காகப் பார்த்துக்கொள்கிறவர். நல்ல குடை வைத்திருந்தார்.

"என்னா அஞ்சம்மா, மழையில விசிறி விக்கிறியாமே. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டுங்க. வயல்ல வேற என்ன வேல நடக்குது இப்ப?"

"இந்த விசிறி அத்தனையும் நானே எடுத்துக்கிறேன். காலையில எல்லாரும் வந்து எறங்கிடுங்க. பழைய கூலிதான்."

மற்ற பெண்கள் அஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அவர் ஒரு விசிறியை எடுத்து, முந்தானையால் ஈரம் துடைத்து, காரியக்காரர் கையில் கொடுத்தார்.

"இத வச்சுக்குங்க. காசு வேணாம். வெள்ளிக்கெழம தாலுகா ஆபீஸ்ல உங்களுக்கு ரொம்ப வேர்க்கும்."

அவர் விசிறியோடுதான் போனார். இலவசமாக வருவதை மறுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை போலும். அவர் தலை மறைந்ததும் அஞ்சம்மாள் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பேசிட்டேன் சார். அரிசிக்கு என்ன பண்ணுறது?"

அதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். கடையின் பின்பக்கம் பெண்கள் ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ஓலைக் கொங்காணிகள் மாட்டியிருந்தன. தலையிலிருந்து இடுப்புவரை முதுகை மூடும். கவிழ்த்த பாதிப் படகு மாதிரி இருக்கும். இரண்டு கையும் சும்மா இருப்பதால் மழையிலும் நாற்று நடலாம். சைக்கிளும் ஓட்டலாம் என்பது பால்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

"அது என்னா வெல?"

"அது விக்கிறதில்லீங்க. எங்க தலைக்கு."

"அப்ப என் தலைக்கு ஒண்ணு கட்டிக் குடு."

அஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். "பட்டியல்ல இல்லம்மா" என்றேன்.

"பட்டியல் நனையுதா சார்?"

"இல்ல, பீரோவுல இருக்கு."

"அதான்" என்று சொல்லிவிட்டு ஓலையைக் கிழிக்க ஆரம்பித்தார்.

மாலைக்குள் கடை வாசலில் கூட்டம். பால்காரர்கள், பேப்பர் போடுகிறவர்கள், தபால்காரர். கடைசியில் குடைக் கம்பி முறிந்துபோன கண்ணியவான்களும் வந்தார்கள். வயலில் அதை மாட்டிக்கொண்டிருப்பவர்களைத் தங்கள் தெருவுக்குள் நடக்க விடாத வீட்டுக்காரர்களும் அதை மாட்டிக்கொண்டு அதே தெருவுக்குள் போனார்கள். மழை பெரிய விஷயம். விசிறிக்கு வைத்திருந்த ஓலை தீர்ந்ததும் ஊரிலிருந்து பேருந்தில் ஓலைக் கட்டு வந்தது. அதே பேருந்தில் அரிசி திரும்பிப் போனது.

பக்கத்துக் கடைக்காரருக்கு விதி தெரிந்திருந்தது; புகார் செய்தார். எங்கள் சூப்பிரண்டு கிளம்பி வந்தார். நாக்கில் விதியை வைத்துக்கொண்டே தூங்குகிற மனிதர். ஜீப் சேற்றில் நின்றுவிட, திடல் முழுக்க நடந்து, தொப்பலாக நனைந்து கடைக்கு வந்தார்.

"என்னய்யா இது? யாரு அனுமதி குடுத்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சம்மாள் ஒரு கொங்காணியை அவர் தலையில் கவிழ்த்துவிட்டார். "மொதல்ல நனையாம நில்லுங்க சார். அப்புறம் திட்டுங்க."

அவர் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் நனைய வேண்டும். மாட்டிக்கொண்டு ரத்து செய்யவும் முடியவில்லை. உள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது.

"சார், இது பட்டியல்ல சேருமான்னு தலைமையிடத்துக்கு எழுதி விளக்கம் கேட்கலாமா?" என்றேன். விளக்கம் கேட்ட விஷயத்தில், அது வரும்வரை இருக்கும் நிலை தொடரும். அதுவும் விதிதான்.

கொங்காணி என் பக்கம் திரும்பியது. "தந்தியா, தபாலா?"

"தபால்தான் சார். முறையான வழியில."

"முறையான வழியிலயே அனுப்பு. ஒரு மேஜையும் விட்டுப்போகக் கூடாது."

அஞ்சம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கடைய மூடணுமா சார்?" என்றார்.

"பதில் வரட்டும்மா" என்றார் சூப்பிரண்டு. கொங்காணிக்கு விலை கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டே ஜீப்புக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை வரை ஒருத்தியும் வயலில் இறங்கவில்லை. கேட்ட கூலி முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் பழைய கூலி ஒழிந்தது. காரியக்காரருக்கு அன்று வேர்த்ததா என்று நான் விசாரிக்கவில்லை. கடையைப் பிரிக்கும்போது அஞ்சம்மாள் விற்காத விசிறிகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து எனக்குக் கொடுத்தார்.

"வெயில் வந்தா நெனச்சுக்குங்க சார்."

இன்று அந்தத் திடலில் ஐப்பசி மாதம் யாரும் கடை போடுவதில்லை. கொங்காணி என்றால் என் பேத்தி அது ஏதோ ஊர் என்று நினைக்கிறாள். முறையான வழியும் போய்விட்டது. சென்ற மாதம் கணினியில் ஒரு மனு போட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நிராகரித்துப் பதில் வந்துவிட்டது. இந்த வேகம் அன்று இருந்திருந்தால் மாலைக்குள் கடையை மூடியிருப்பார்கள். மேஜைக்கு மேஜை என் கடிதத்தின் மேல் டீ டம்ளரை வைத்து ஆற அமர இருந்த அந்த முகம் தெரியாத குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வராமல் இல்லை. கொங்காணி பட்டியலில் இல்லாத பொருள். அதன் விற்பனையை உடனே நிறுத்தி, அனுமதிக்கப்பட்ட விசிறிகளை மட்டும் விற்கச் செய்து அறிக்கை அனுப்புக என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. அஞ்சம்மாள் கொடுத்த விசிறியை ஒரு கையால் வீசிக்கொண்டே அதைப் படித்து முடித்து, வரப்பெற்ற தேதிக்கான முத்திரையைக் குத்தினேன். அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள்.