இன்னொரு பந்து

கோச்சின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த அந்த நொடி இன்றும் என் தோலில் இருக்கிறது. மூவாரில் கல்லூரி மகளிர் வாலிபால் இறுதியாட்டம். கடைசி செட். இன்னும் ஒரு புள்ளி போனால் கோப்பை எதிரணிக்கு. கோத்தா திங்கியிலிருந்து வந்த எங்கள் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி, லட்டு மாதிரி வந்த சர்வீஸை அப்போதுதான் கோட்டைவிட்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக இறங்க, மாற்று ஆட்டக்காரியான நான் தயாராக நின்றேன். மேலே உட்கார்ந்திருந்த எங்கள் கல்லூரிக்காரர்களே, "அவள வெளிய எடுங்க கோச்!" என்று கத்தினார்கள்.

கோச் என் கையை விடவில்லை. "பொறு லா. அந்தப் புள்ள இன்னொரு பந்து எடுக்கட்டும்" என்றார்.

அது அவருடைய பழக்கம். பிடிவாதம் என்றே சொல்வேன். தப்பு செய்த கையோடு யாரையும் வெளியே எடுக்கவே மாட்டார். "தப்போட வெளிய வந்தா அது வீட்டுக்கும் கூடவே வரும். ஒரு நல்ல பந்து எடுத்துட்டு வரட்டும்" என்பார். சிகாமட்டில் வெள்ளம் வடிந்து எங்கள் கல்லூரி விளையாட்டு மண்டபம் சேறாகிக் கிடந்தபோது துடைப்பத்தோடு முதலில் இறங்கிய மனுஷி அவர். ஆண்கள் அணி ஆடி முடித்த பிறகு மிச்சமிருக்கும் நேரம்தான் எங்களுக்கு; அதையும் சண்டை போட்டுத்தான் வாங்கினார். இத்தனைக்கும் அவருடையது ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. இந்த முறை கோப்பை வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று நிர்வாகம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த சர்வீஸும் அவளிடமே வந்தது. வராமல் என்ன செய்யும்? பயந்தவளைப் பார்த்துத்தானே அடிப்பார்கள்! பந்து அவள் கையில் பட்டுச் சுவர்ப்பக்கம் போயிற்று. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. கோச் ஓடிப்போய் அவளைத்தான் முதலில் கட்டிக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு வேலை இல்லை. சரி, அவர் செய்தது தப்பென்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு தப்புக்குப் பிறகு அவருக்கு இன்னொரு பந்து கொடுக்க அங்கே ஒருத்தருக்கும் மனசு வரவில்லை, பாவிகள்!

போன வருஷம் ஜோகூர் பாருவில், சிங்கப்பூர் வேலைக்குப் போகும் விடியற்காலைக் கூட்டத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். முன்னால் காவலாளிச் சீருடையில் நிமிர்ந்த ஒரு முதுகு. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும் அந்த முதுகு. "கோச்!" என்றேன்.

"அலமாக், நீயா! சாப்பிட்டியாம்மா?" என்று கன்னத்தைத் தட்டினார். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் காவல் வேலையாம். பழையதைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கோத்தா திங்கிப் புள்ள இன்னும் விளையாடுதா?"

அன்று மூவாரிலிருந்து திரும்பிய வேனில் ஷூவைக் கழற்றியவள், அதன் பிறகு பந்தையே தொடவில்லை. படிப்பு முடியும்வரை மண்டபத்துப் பக்கம்கூட வரவில்லை.

"விளையாடுறா கோச். நல்லா விளையாடுறா."

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் எப்படிச் சொல்வேன்! "பாத்தியா? அன்னிக்கு வெளிய எடுத்திருந்தேன்னா அப்பவே ஆட்டத்த விட்டிருக்கும்" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் வரிசையிலேயே நின்று அழுதேன். பின்னால் இருந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப்போனார்கள்.